"சும்மா பி.பி. பாத்துட்டுப் போறேன் சிஸ்டர்": வேலை அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் 9 வருடம், அப்புறம் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. வளாகத்தின் மருத்துவ அறையில் 6 வருடம் செவிலியராக இருந்திருக்கிறேன். விரல் நசுங்கி வந்தவர்கள் உண்டு, வெயிலில் மயங்கி வந்தவர்கள் உண்டு. ஆனால் அதிகம் பேர் வந்தது "சும்மா பி.பி. பாத்துட்டுப் போறேன் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டுதான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முள் இறங்கி முடிப்பதற்குள் அவர்கள் உண்மையில் கேட்க வந்தது வெளியே வந்துவிடும்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன், ஆள் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

1. ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெஸ்னு எல்லாரும் சொல்றாங்களே சிஸ்டர், அது சும்மா டென்ஷன்தானே?

டென்ஷன் என்று நாம் சொல்வது மனதில் தெரிகிற பகுதியை மட்டும். அழுத்தம் என்பது உடம்பு முழுக்க நடக்கிற வேலை. மத்திய கைலாஷ் சிக்னலில் பைக்கில் நிற்கிறீர்கள், பின்னால் ஒரு பஸ் வேகம் குறையாமல் வருகிறது என்று வையுங்கள். யோசிப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலேறும், செரிமானம் நின்று நிதானிக்கும், கை கால் தசைகளுக்கு ரத்தம் பாயும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பஸ் விலகிப் போனதும் எல்லாம் மெல்ல அடங்கும்.

மேனேஜர் "ஒரு நிமிஷம் ரூமுக்கு வாங்க" என்று கூப்பிட்டாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. ஆனால் பஸ் போய்விடும், மேனேஜர் நாளைக்கும் இருப்பார். தினமும் ஏறி, அடங்க நேரமில்லாமல் மறுபடி ஏறுவதுதான் உடம்பைத் தேய்க்கிறது. ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் 1936 முதல் இதைப் பற்றி எழுதத் தொடங்கி, 3 கட்டமாகப் பிரித்தார்: அபாய மணி அடிப்பது, தாக்குப்பிடிப்பது, ஓய்ந்துபோவது. என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நடுக் கட்டத்தில் இருப்பார்கள். "ஒண்ணுமில்ல, சமாளிச்சுடுவேன்" என்பதுதான் அந்தக் கட்டத்தின் பேச்சு.

2. கொஞ்சம் பிரஷர் இருந்தாத்தானே வேலை ஓடும்?

உண்மைதான். தேதியே இல்லாத வேலையை யாரும் முடிப்பதில்லை. ஓரளவு வரை அழுத்தம் கவனத்தைக் கூட்டும், அதைத் தாண்டினால் குறைக்கும் என்பது 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த கருத்து. இதில் நான் பார்ப்பது அளவைவிட இடைவெளியைத்தான். ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸுக்காக இரண்டு வாரம் ஓடிவிட்டு ஒரு வாரம் இயல்பாக இருந்தால் உடம்பு தேறிவிடும். ஒரு ரிலீஸ் முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கினால் தேறாது.

3. எனக்குத் தலைவலியும் நெஞ்செரிச்சலும்தான். அதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அழுத்தம் பலருக்கு மனதில் தெரியாமல் கழுத்து இறுக்கம், பல்லைக் கடிப்பது, வயிற்றுப் புரட்டல், விடிகாலை 3 மணிக்கு விழிப்பு என்று உடம்பில்தான் முதலில் வரும். ஆனால் ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு எல்லாமே இதே மாதிரி சோர்வைத் தரும். அதனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் "ஸ்ட்ரெஸ்" என்று பெயர் வைத்துவிட்டு ஹீமோகுளோபின் 6 என்ற கடும் ரத்தசோகையோடு ஒரு பெண் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது, எப்போது வருகிறது என்று பாருங்கள். தொழிற்சாலையில் ஒரு ஃபிட்டர் அண்ணன் வருவார். மாதக் கடைசி வாரங்களில் அவருக்கு 150/100க்குக் குறையாது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று 126/82. மருந்து அதேதான், உப்பும் அதேதான். பழைய சீட்டுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டிஸ்பேட்ச் தேதிம்மா இது எல்லாம்" என்றார். நீங்களும் 2 வாரம் ஒரு சின்ன நோட்டில் வலி வந்த நேரத்தையும், அதற்கு முன் நடந்ததையும் எழுதுங்கள். ஞாயிறு சாயங்காலமே வயிறு பிசைய ஆரம்பித்தால் பதில் பாதி கிடைத்துவிட்டது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. காரணம் எதுவானாலும் ரத்த அழுத்தம் ரத்த அழுத்தம்தான்.

4. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, செத்துடுவேன்னு தோணுது. இது பயமா, ஹார்ட் அட்டாக்கா?

நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. எடுத்து இதயம் சரி என்று தெரிந்த பிறகுதான் அது பதற்றத் தாக்குதல் என்ற பேச்சே வர வேண்டும்.

பதற்றத் தாக்குதல் என்று உறுதியானால் அது உயிரைப் பறிக்காது. பெரும்பாலும் 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் 13ஆம் கேள்விக்குப் போங்கள், அது நன்றாகக் குணமாகக்கூடியது.

5. ஒரே வேலை, ஒரே சம்பளம். பக்கத்து சீட்டுக்காரன் ஜாலியாத்தான் இருக்கான். எனக்கு மட்டும் ஏன்? நான்தான் வீக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். அந்த வேலையில் உங்கள் கைக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது மீதிப் பாதி. 1979இல் ராபர்ட் கரசெக் என்ற ஆய்வாளர் இதைத்தான் சொன்னார்: வேலைச் சுமை அதிகமாகவும், அதை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கிற இடத்தில்தான் ஆள் நொறுங்குகிறான். லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்வில், உயர் அதிகாரிகளைவிட கடைநிலை ஊழியர்களுக்கு இதய நோய் இறப்பு 3 மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பிறகும் பெரிய இடைவெளி மிச்சம் நின்றது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் அழுத்தம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். உடம்பு அப்படிச் சொல்லவில்லை.

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்த பெண் எங்கள் தெருவில் இருந்தாள். "சேலை பிரிச்சுப் போடறது கஷ்டமே இல்லக்கா. கூட்டம் இல்லாதப்பவும் உக்காரக் கூடாதுன்னு சொல்றாங்க பாரு, அதுதான்" என்பாள். கணுக்கால் வீங்கியிருக்கும். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கியது. ஒரு முக்காலி பெரிய விஷயமா என்று கேட்டவர்கள் உண்டு. "எப்போது உட்காருவது" என்பதை அவள் முடிவு செய்ய முடிவதுதான் அதில் இருக்கும் மருந்து.

இப்போது பக்கத்து சீட்டுக்காரரைப் பாருங்கள். அவர் வீடு சோழிங்கநல்லூரிலேயே இருக்கலாம், நீங்கள் திருவொற்றியூரிலிருந்து 2 மணி நேரம் வரலாம். அவருக்குச் சொந்த வீடு, உங்களுக்கு இரண்டு இ.எம்.ஐ. அவர் வீட்டுக்குப் போனால் காபி கிடைக்கும், நீங்கள் போய்க் காபி போட வேண்டும், மாவு அரைக்க வேண்டும், பிள்ளைக்கு ஹோம்வொர்க் பார்க்க வேண்டும். இதில் எதுவும் சம்பளச் சீட்டில் வராது. நீங்கள் வீக் இல்லை. உங்கள் சுமை வேறு.

6. பர்ன்-அவுட், பர்ன்-அவுட்ங்கறாங்களே. அதுவும் இதுவும் ஒண்ணா?

1ஆம் கேள்வியில் சொன்ன மூன்றாவது கட்டத்துக்குக் கிட்டத்தில் இருப்பது அது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. நோயாக அல்ல, வேலை தொடர்பான நிகழ்வாக. அதில் 3 அடையாளம்: சக்தி வடிந்துபோவது, வேலைமேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, "நான் செய்யறதுல ஒண்ணுமே இல்ல" என்ற எண்ணம்.

அழுத்தத்தில் இருப்பவர் ஓடிக்கொண்டே இருப்பார். பர்ன்-அவுட் ஆனவரோ நின்றுவிட்டிருப்பார். ஒரு நர்ஸ் தோழி சொன்னாள், "பேஷன்ட் அழுதா முன்னாடி எனக்கும் தொண்டை அடைக்கும். இப்ப எப்ப நிறுத்துவாங்கன்னு கடிகாரத்தப் பாக்கறேன்." அவள் கெட்டவள் ஆகிவிடவில்லை, தீர்ந்துபோயிருந்தாள். லீவில் ஊருக்குப் போனால் முகம் தெளிகிறதா என்று பாருங்கள். வேலையிலிருந்து விலகியும், பிடித்த சாப்பாடு, பிள்ளைகள், சிநேகிதர்கள் எதிலும் ருசி வராமல் 2 வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேண்டும்.

7. மூச்சுப் பயிற்சி, யோகால்லாம் நெஜமாவே வேலை செய்யுமா?

அந்த நேரத்துக்குச் செய்யும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும். 4 எண்ணி இழுத்து, 6 அல்லது 8 எண்ணி விடுங்கள், 5 நிமிடம். பல தடவை என் அறையில் முதல் பி.பி.க்கும் இப்படிச் செய்த பிறகு எடுத்த பி.பி.க்கும் நல்ல வித்தியாசம் பார்த்திருக்கிறேன். நடப்பதும் அப்படித்தான். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் அரை மணி நடந்தால் உடம்பு தயாராக்கி வைத்த அந்தச் சர்க்கரையும் துடிப்பும் போக ஒரு வழி கிடைக்கிறது.

ஆனால் 3 பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை தியான வகுப்பு வைக்கும் கம்பெனிகளை நான் ஒப்புக்கொள்வதில்லை. குழாய் ஒழுகும்போது தரையைத் துடைக்கத்தான் வேண்டும், குழாயையும் யாராவது மூட வேண்டும். அதைப் பற்றி 11ஆம் கேள்வியில்.

8. நைட் ஷிப்ட் சிஸ்டர். காபி இல்லாம ஓடாது, வீட்டுக்குப் போனா தூக்கமும் வராது.

குடித்த காபியில் இருக்கும் காஃபீனில் பாதி, ஏறக்குறைய 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலை 5 மணிக்கு கேப் ஏறி 6 மணிக்குப் படுக்கிறவர் இரவு 12க்கு மேல் காபியோ டீயோ தொடாமல் இருந்தால் நல்லது. ஷிப்டின் முதல் பாதியில் குடியுங்கள்.

வெளிச்சம் அடுத்த எதிரி. விடிந்த வெயில் கண்ணில் பட்டால் மூளை "பகல்" என்று முடிவு கட்டிவிடும். கேபில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலுக்குக் கனத்த திரை, படுத்ததும் போனைத் தூர வையுங்கள். ரூமில் 4 பேர் 4 ஷிப்டில் இருந்தால் கண்பட்டையும் காதடைப்பானும் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னையில் மே மாதப் பகல் தூக்கம் எவ்வளவு கொடுமை என்று எனக்கும் தெரியும், நானும் நைட் பார்த்தவள். அதனால்தான் சொல்கிறேன்: பகலில் 5 மணி நேரம்தான் தூக்கம் வருகிறதென்றால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் இரண்டாவது தூக்கம் போடுங்கள். 7 மணி நேரம் எப்படியாவது சேர வேண்டும்.

9. வேலை முடிஞ்சு ரெண்டு பெக் போட்டாத்தான் தூக்கம் வருது. தப்பா?

தூங்க வைக்கும், தூக்கத்தின் பின்பாதியைக் கெடுக்கும். 3 மணிக்கு முழிப்பு வருகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான். அழுத்தத்துக்கு மருந்தாகக் குடிக்க ஆரம்பித்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். நீங்களாகக் கேட்டதே நல்லது. 10 நாள் நிறுத்திப் பாருங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, கை நடுக்கமோ வியர்வையோ வந்தால் அதே நாள் மருத்துவரைப் பாருங்கள்.

10. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வருது. பாக்காம விட்டா சட்டம் நம்மளக் காப்பாத்துமா?

ஓரளவு. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. 'வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' பிரான்சில் 2017லும் ஆஸ்திரேலியாவில் 2024லும் சட்டமானது. இந்தியாவில் தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் வந்திருக்கிறது, சட்டமாகவில்லை.

இது வெறும் சோம்பேறித்தனப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது நம் கடற்கரையில்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் இதே ஊரில்தான்.

சட்டம் வரும்வரை? குரூப்பை மியூட்டில் போடுங்கள், அவசரம் என்றால் போன் பண்ணச் சொல்லுங்கள். "9 மணிக்கு மேல் மெசேஜ் பார்க்க மாட்டேன், நிஜமாகவே அவசரம் என்றால் கூப்பிடுங்கள், எடுப்பேன்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னவர்களிடம் பிறகு கேட்டேன். போன் வந்தது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதானாம். மெசேஜ் அனுப்புவது சுலபம் என்பதால் அனுப்புகிறார்கள். கூப்பிட வேண்டும் என்றால் யோசிப்பார்கள்.

11. மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறது? "ஸ்ட்ரெஸ்"னு சொன்னா அப்ரைசல்ல கைவெச்சுடுவாரே.

அந்த வார்த்தையை விடுங்கள். வேலையைப் பற்றிப் பேசுங்கள். ஒரு டெஸ்டர் பெண் என் அறையில் அழுதுகொண்டிருந்தாள். பி.பி. சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்து, கையில் இருக்கும் வேலையை எல்லாம் எழுதச் சொன்னேன். 7 வந்தது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று போடச் சொன்னேன். கூட்டினால் 71. அந்த வாரத்தில் மிச்சம் இருந்தது 3 நாள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை தனக்கு வேகம் பத்தவில்லை என்றுதான் நினைத்திருக்கிறாள்.

அந்தச் சீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பேச வேண்டியதும் ஒரே வரிதான்: "சார், இது 71 மணி நேர வேலை. என்கிட்ட இருக்கறது 27. எந்த மூணு முதல்ல வேணும்?" "முடியாது" என்ற சொல் அதில் இல்லை. எதை விடுவது என்ற முடிவு, அதை எடுக்க வேண்டியவரிடம் போய்விடுகிறது. 5ஆம் கேள்வியில் சொன்ன அதிகாரத்தில் ஒரு துளி உங்கள் கைக்கு வருகிறது. எல்லா மேனேஜரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசி முடித்ததும் அதையே சுருக்கமாக மெயிலில் போட்டு வையுங்கள். பேசும் நேரமும் முக்கியம். எஸ்கலேஷன், அதாவது மேலிடம்வரை புகார், வந்த அன்று வேண்டாம், மறுநாள் காலை போங்கள்.

12. பிரச்சனையே மேனேஜர்தான்னா?

கடுகடுவென்று இருப்பவர் வேறு, ஆளைக் குறிவைத்து அவமானப்படுத்துபவர் வேறு. இரண்டாவது வகை என்றால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். ஆதாரத்தோடு எச்.ஆரிடமோ அவருக்கு மேலே இருப்பவரிடமோ போங்கள், டீம் மாற்றம் கேளுங்கள். ஐ.டி. ஊழியர்களுக்கும் சங்கம் அமைக்க உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாலியல் தொல்லை என்றால் பாதை தனி. 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு கூடுதல் அவகாசம் தரலாம்.

13. மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்களே. எச்.ஆருக்குத் தெரிஞ்சா? மாத்திரை அடிமையாக்கிடுமே?

இந்த ஊரில் "கீழ்ப்பாக்கம்" என்பதையே திட்டாகப் பயன்படுத்தி வளர்ந்திருக்கிறோம். அங்கே இருக்கும் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. புறநோயாளியாக வந்து மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை அங்கே நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை நாம்தான் வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். அழுத்தம் வேலை, தூக்கம், உறவு மூன்றில் எதையாவது கெடுக்க ஆரம்பித்தால் போகலாம், முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், போதைபோல் அடிமையாக்காது. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடிமைப்படுத்தும் பயம் உண்மையில் தூக்க மாத்திரைக்குத்தான் பொருந்தும். அதைத் தெரிந்த மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள், மருத்துவரிடம் போகப் பயப்படுகிறார்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனாலும் புறநோயாளிச் செலவு உங்கள் பாலிசியில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யை மறந்துவிடாதீர்கள். மருத்துவம் மட்டுமல்ல, மருத்துவர் சான்று கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதமும் கிடைக்கும், சந்தா நிபந்தனை நிறைவாகியிருந்தால் போதும். எங்கும் போகத் தயக்கம் என்றால் 14416. அரசின் டெலி மானஸ், கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

14. பேசாம வேலையை விட்டுடவா?

இதற்கு நான் ஆமாம், இல்லை சொல்ல மாட்டேன். ஆனால் தூங்காத வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். முதலில் 4, 5 நாள் லீவு, நன்றாகத் தூக்கம், அப்புறம் யோசனை. விட வேண்டியது வேலையா, டீமா, ஷிப்டா, 2 மணி நேரப் பயணமா? ஒருவர் ராஜினாமா கடிதமே எழுதிவிட்டார். பேசிப் பார்த்ததில் அவருக்குப் பிரச்சனை தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரும் பாதைதான். வாரம் 3 நாள் வீட்டிலிருந்து என்று கேட்டு வாங்கினார், இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

சில இடங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். 11, 12இல் சொன்னதை எல்லாம் செய்தும் மாறவில்லை, உடம்பு கெட்டுக்கொண்டே போகிறது என்றால் வெளியே வாருங்கள். கையில் 3 மாத வீட்டுச் செலவு, நோட்டீஸ் பீரியட் கணக்கு, குரூப் இன்சூரன்ஸ் நின்றுபோனால் மாற்று, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு. வீட்டில் சொல்லிவிட்டு விடுங்கள். தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வேலை தந்த வேதனையைவிட அந்த 2 மாதம் அவரை அதிகம் வாட்டியது.

15. கூட வேலை பாக்கற பையன் "வாழவே புடிக்கல"ங்கறான். சும்மா சொல்றானா? கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள்: "தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். "சீச்சி, உனக்கு என்ன குறைச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, கையில் ஏதாவது வைத்திருந்தாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள், பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்கள் அல்லது 108. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் இதில் அந்த வாக்கை மீறலாம். பேச 14416 இருக்கிறது. 1986இலிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா தொண்டு நிறுவனமும் இருக்கிறது, எண் 044-24640050. இந்த இரண்டு எண்களையும் என் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். வெளிப்பக்கம் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

16. நான் டீம் லீட். எனக்கும் மேலேர்ந்து பிரஷர்தான். ஆனா நானே மத்தவங்களுக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒருவர்தான் இதைக் கேட்டார், ஆனால் பலரும் கேட்டிருக்க வேண்டியது என்பதால் சேர்த்தேன். அவருக்கு வயது 34 இருக்கும். பி.பி. எடுக்கும்போது போன் இரண்டு தடவை அதிர்ந்தது, இரண்டு தடவையும் கை அதைத் தேடிப் போனது.

நான் அவரிடம் 3 விஷயம் கேட்டேன். உங்கள் டீமில் கடைசியாக ஒருவர் லீவு கேட்டபோது காரணம் சொன்னாரா, கதை சொன்னாரா? வேலை தாமதமாகும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா, கடைசி நாளில்தான் தெரிகிறதா? "இது என்னால முடியாது" என்று கடைசியாக எப்போது யார் உங்களிடம் சொன்னார்கள்? மூன்றாவதற்கு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "யாருமே சொன்னதில்ல. நல்ல டீம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

இரவில் தோன்றுவதை இரவிலேயே அனுப்பாமல் காலை 9 மணிக்குப் போகும்படி வைக்கச் சொன்னேன். மேலே இருந்து வருவதை அப்படியே கீழே தள்ளாமல், 11ஆம் கேள்வியின் சீட்டை அவரும் எழுதி அவர் மேனேஜரிடம் கொண்டுபோகச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து மறுபடி பி.பி. பார்க்க வந்தார். டீமில் ஒரு பெண் முதல் தடவையாக, "இந்த டேட்டுக்கு முடியாது சார்" என்று சொல்லிவிட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எந்த டேட்டுக்கு முடியும்னு கேட்டேன் சிஸ்டர்" என்றார்.